முதுகு காட்டும் வீடுகள்

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் பல்செட்டு அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒரு லேபில் உட்கார்ந்து பொய்ப்பல் கட்டுவது அவள் வேலை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அச்சை அனுப்பி வைப்பார்கள். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பல் பல்லாக நட்டு, ஒரு முழு வாயை டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புவாள். அந்த வாய்க்குச் சொந்தக்காரரின் முகத்தை அவள் பார்ப்பதே இல்லை. கடைத்தெருவில் யாராவது வாய் நிறையச் சிரித்தால் மட்டும், நம் கைவேலையோ என்று ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

தொழிலில் அவளுக்கு ஒரே மனக்குறை. நிஜப் பல் வெள்ளையாக இருக்காது, வரிசையாகவும் இருக்காது. ஒன்று லேசாகத் திரும்பி நிற்கும், ஒன்றின் ஓரம் தேய்ந்திருக்கும், அடியில் மங்கலாக ஒரு மஞ்சள் ஓடும். அதையெல்லாம் வைத்துக் கட்டினால் பக்கத்தில் வந்து பார்த்தாலும் பொய் என்று தெரியாது. ஆனால் எழுபது வயதுக்காரர் இருபது வயதுப் பல்தான் கேட்டார். அவளும் கட்டிக் கொடுத்தாள். சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி பளிச்சென்று அது போகும்போது, "போயிட்டு வா, பொய்யே" என்று டப்பாவை மூடுவாள்.

அவள் கணவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். பஸ் எப்போது வரவேண்டும் என்று பலகையில் எழுதுவதும், அது வராதபோது ஜனங்களிடம் திட்டு வாங்குவதும் அவர் உத்தியோகம். எழுதிய நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த ஆற்றாமையை வீட்டில் தீர்த்துக்கொள்ள அவருக்கு ஒரு வழி கிடைத்தது. மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதும், அவள் அறையில் பொம்மை ரயில் ஓட்ட ஆரம்பித்தார். பொம்மை என்று சொன்னால் கோபம் வரும். "மாடல்" என்று சொல்ல வேண்டும்.

மகள் போனில் கேட்டாள்: "அம்மா, நான் லீவுல வந்தா எங்க படுக்கறது? என் கட்டில் இருக்கா?"

"இருக்குடி. அது மேல இப்ப ஒரு ஜங்ஷன் இருக்கு."

கட்டிலின் மேல் பிளைவுட் அடித்து, அதன் மேல் தண்டவாளம் வளைந்து வளைந்து ஓடியது. இன்ஜின் விரல் நீளம், பெட்டிகள் சோப்பு அளவு. டைம்கீப்பர் தன் கைப்பட ஒரு கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். ரயில் அதன்படி இம்மி பிசகாமல் போய் வந்தது. அதுவரைக்கும் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. மலைதான் அவளை உறுத்தியது.

செய்தித்தாளைக் கூழாக்கி ஒரு மலை செய்து, பச்சை பெயிண்டைத் தலையோடு ஊற்றியிருந்தார். வாசல்படியில் காபி டம்ளரோடு நின்று அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏங்க, இது என்ன?"

"மலை."

"நனைஞ்ச துண்ட யாரோ காயப் போட்ட மாதிரில்ல இருக்கு?"

"கொஞ்சம் தூரத்துல இருந்து பாரு."

"ரூமே இவ்வளவுதான். தூரத்துக்கு நான் எங்க போறது, தெருவுக்கா?"

பொருந்தாத பல்செட்டைக் கண்டால் கை சும்மா இருக்குமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் டியூட்டிக்குப் போயிருந்தபோது மலையைப் பெயர்த்து எடுத்துவிட்டாள். தெர்மாகோலை அடுக்கடுக்காக ஒட்டிக் கத்தியால் செதுக்கினாள். பழைய துணியைப் பிளாஸ்டரில் முக்கி அதன் மேல் போர்த்தினாள். பாறைக்கு, லேபில் காலாவதியாகிக் கிடந்த பழைய பல் அச்சுகளை முதலாளியிடம் கேட்டு சாக்கு சாக்காக வாங்கி வந்து சுத்தியலால் உடைத்தாள். காய்ந்த பிறகு, தண்ணீராகக் கரைத்த கறுப்பை மேலிருந்து விட்டாள். அது வெடிப்புகளில் மட்டும் போய்த் தங்கி, மேடுகளை வெளிறலாக விட்டுவிட்டது. கடைவாய்ப் பல்லுக்குக் குழியில் கறை ஏற்றுகிற அதே வித்தை. லேபில் அதை யாரும் கேட்பதில்லை. இங்கே கேட்காமலேயே செய்யலாம்.

சாயங்காலம் வந்த டைம்கீப்பர் மலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி மலையைப் பார்த்தார். "கைய கழுவிட்டுச் செஞ்சியா?" என்று மட்டும் கேட்டார். அவர் அகராதியில் அது பாராட்டு.

அதன் பிறகு அந்த வீட்டில் எதுவும் குப்பைக்குப் போகவில்லை. குடித்து முடித்த டீத்தூள் ஜன்னலில் காய்ந்து மண்ணாயிற்று. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் மிக்ஸியில் அரைபட்டு, சாயத்தில் ஊறி, இலையாயிற்று. சாலையோரக் களைகளின் காய்ந்த பூந்தண்டுகள் மரமாயின. ஒரு நாள் காலை டைம்கீப்பரின் சட்னியில் இரண்டு மூன்று இலைகள் மிதந்தன. அவை எந்த மரத்தின் இலைகள் என்று அவர் கேட்கவில்லை. எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

மலை முடிந்து ஊர் வந்தபோதுதான் சண்டை வந்தது. அவர் பெட்டியில் வாங்கிய அட்டை வீடுகளைத் தண்டவாளத்தை ஒட்டி வரிசையாக வைத்தார். சிவப்பு ஓடு, வெள்ளை வேலி, வாசலில் ரோஜாத் தோட்டம். எல்லா வீடுகளும் ரயிலைப் பார்த்துச் சிரித்தன.

"நீங்க எத்தனை ரயில்ல போயிருக்கீங்க? எந்த வீடாவது ரயிலுக்கு மூஞ்சியக் காட்டுதா?" என்றாள் அவள். "எல்லாம் முதுகத்தான் காட்டும்."

"முதுகு யாருக்கு வேணும்?"

"நிஜம் வேணும்னா முதுகுதான்."

நிஜம் என்ற வார்த்தைக்கு அவர் அடங்குவார். அவர் சேர்ந்திருந்த மாடல் ரயில்காரர்களின் சங்கத்தில் அந்த வார்த்தைக்குத்தான் மதிப்பு அதிகம்.

அவர்கள் தெருவுக்குப் பின்னால் உண்மையாகவே ஒரு ரயில்பாதை போனது. லேபுக்குப் போக அவள் தினமும் அதன் மேலிருக்கிற நடைபாலத்தில் ஏறி இறங்குவாள். இத்தனை வருஷமும் கால் வலியைத் தவிர அந்தப் பாலத்தில் அவள் கவனித்தது ஒன்றுமில்லை. இப்போது நடுவில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தெருவின் முதுகு முழுக்கத் தெரிந்தது. குழாய்க்குக் கீழே துரு ஒழுகிய கறை. கண்ணாடி போன ஜன்னலில் அட்டைப் பெட்டி. ஏசி தண்ணீர் சொட்டி வளர்த்த பாசி. மூன்று கால் பிளாஸ்டிக் நாற்காலி. கொடியில் யாருடையதென்று சொல்லக் கூடாத துணிகள். வாயில் அச்செடுக்கிற மாதிரி அப்படியே கண்ணில் எடுத்துக்கொண்டு வந்து, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சமாகச் செய்தாள். ஒவ்வொரு வீடும் உள்ளங்கை அளவு. அவை யார் வீடு என்று அவள் யோசிக்கவே இல்லை. லேபிலும் அப்படித்தானே, வாய்தான் வரும், ஆள் வருவதில்லை.

முதலில் கண்டுபிடித்தவள் அடுத்த வீட்டுத் தையல்காரி. தைத்த சட்டையைக் கொடுக்க வந்தவள், சும்மா எட்டிப் பார்க்கிறேன் என்று அறைக்குள் வந்தாள். குனிந்தாள். குனிந்தபடியே நின்றாள்.

"அக்கா… இந்தத் தலையில்லாத பொம்மை?"

தையல்காரி கடையில் உடைந்துபோன அளவுப் பொம்மை ஒன்று, அவள் கணவனின் கிழிந்த பனியனைப் போட்டுக்கொண்டு கொல்லைச் சுவரில் சாய்ந்து நின்றது. இங்கேயும் நின்றது, ஒரு நெல் உயரத்துக்கு.

"இது எங்க வீடு!"

"அட, ஆமா."

"பாத்ரூம் சுவத்துல அந்தக் கறையையும் போட்டிருக்கீங்களே! அது மழைக்கு வந்ததுக்கா, எப்பவும் இருக்காது."

"போன வருஷமும் இருந்துச்சே."

தையல்காரியின் முகம் சுருங்கியது. அடுத்த வீட்டைப் பார்த்ததும் மலர்ந்தது. "ஐயய்யோ! இது டிரில் மாஸ்டர் வீடுதானே? அடுப்படி ஜன்னலுக்குக் கீழ அது என்ன, பாட்டிலா?"

டிரில் மாஸ்டர் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவர்; ஒழுக்கத்தில் இருந்து இன்னும் ஓய்வு பெறாதவர். தெருவில் யார் தோளைத் தொங்கப் போட்டு நடந்தாலும் நிமிர்த்திவிடுவார். குடியின் தீமை பற்றி, கேட்காதவர்களுக்கும் சொல்வார். அவர் ஜன்னலுக்குக் கீழே சீரகம் சீரகமாகப் பச்சையிலும் பழுப்பிலும் ஒரு சின்னக் குவியல் இருந்தது. பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி, நூலாக இழுத்து, நறுக்கிச் செய்தவை.

மறுநாளில் இருந்து தெருவே வந்தது. எல்லோரும் ரயில் பார்க்கத்தான் வந்தார்கள். டைம்கீப்பர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, "இப்ப வரப்போறது எக்ஸ்பிரஸ், கவனிங்க" என்பார். எக்ஸ்பிரஸ் வரும், போகும். யார் தலையும் நிமிராது. அடுத்தவன் முதுகைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, தன் முதுகு வந்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். வாசலுக்கு வழவழவென்று டைல்ஸ் ஒட்டி, பின்பக்கத்துக்கு ஒரு கரண்டி சிமெண்டுகூடப் பூசாத மாடி வீட்டுக்காரர், "செங்கல் தெரியற மாதிரி விடறது இப்ப ஃபேஷன்" என்று யாரும் கேட்காமலேயே விளக்கினார்.

"யாராவது ரயிலப் பாருங்களேன்" என்றார் டைம்கீப்பர். அந்தக் குரலில் டிப்போவின் சாயல் இருந்தது.

டிரில் மாஸ்டர் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் மலையை ரசித்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நல்லா செஞ்சிருக்கீங்கம்மா. ஒரு சின்ன திருத்தம். அந்த பாட்டில் எல்லாம் எண்ணெய் பாட்டில்."

"எண்ணெய்னே வெச்சுக்கலாம் சார். லேபிள் ஒட்டலையே நான்."

"இல்ல, பாக்கறவங்க தப்பா நெனைப்பாங்க. எடுத்துடுங்களேன்."

"நீங்க அங்க எடுத்துட்டீங்கன்னா நான் இங்க எடுத்துடறேன் சார்." அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அச்சில் இருக்கிறதைப் பல்லில் விட்டுவிட முடியாது, அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து அவர் வாசலில் நின்று, அணிவகுப்பில் சொல்கிற குரலில், "எடுத்தாச்சு. வந்து பாக்கலாம்" என்றார். அவள் பாலத்தில் ஏறிப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து இடுக்கியால் ஒவ்வொரு சீரகமாகப் பொறுக்கி எடுத்தாள். டிரில் மாஸ்டர் பக்கத்தில் நின்று கடைசி பாட்டில் வரைக்கும் மேற்பார்வை பார்த்தார்.

செய்தி பரவியது. தையல்காரி சுவரைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தாள். தலையில்லாத பொம்மை கடைக்குத் திரும்பிப் போயிற்று. மாடி வீட்டுக்காரர் ஃபேஷனைக் கைவிட்டுச் சிமெண்ட் பூசினார். அட்டை அடைத்த ஜன்னல்களுக்குக் கண்ணாடி வந்தது. ஒவ்வொருவராக வந்து, "அக்கா, முடிச்சாச்சு, நீங்களும் மாத்திடுங்க" என்றார்கள். அவளும் பாலம் ஏறி, பார்த்து, வந்து மாற்றினாள். துருவை அழித்தாள், பாசியைச் சுரண்டினாள், உள்ளாடைகளைக் கொடியில் இருந்து எடுத்து மடிக்காமலேயே குப்பையில் போட்டாள். ஒரு மாதத்தில் அந்த வரிசை வெள்ளையாக, நேராக, பளிச்சென்று நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு லேபில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தையல்காரி கேட்டாள்: "ஆமா, எல்லார் வீடும் இருக்கு. உங்க வீடு எங்கக்கா?"

தையல்காரி வீட்டுக்கும் டிரில் மாஸ்டர் வீட்டுக்கும் நடுவில், அவள் வீடு இருக்கவேண்டிய இடத்தில், ஒரு பெரிய மரம் நின்றது. அடர்த்தியான, அழகான மரம்.

"அந்த இடத்துல ஒயரெல்லாம் சேர்ற பெட்டி இருக்கு. அத மறைக்கத்தான் மரம் வெச்சேன்."

"மறைக்கத்தானா?" என்றாள் தையல்காரி. குனிந்து மரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

சத்தியமாகப் பல்செட்டு அக்கா வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் மறுநாள் பாலத்தில் நின்றபோது, தன் கண் அத்தனை நாளும் அந்த ஒரு வீட்டை மட்டும் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது என்று தெரிந்தது. இப்போது இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். சுவர் சுமார்தான். ஜன்னலுக்குக் கீழேதான் விஷயம். பாறைக்கென்று சாக்கு சாக்காகக் கொண்டுவந்த பல் அச்சுகளில் மிஞ்சியதையெல்லாம், நாளைக்கு எடுத்துவிடலாம் என்று அவள் ஜன்னல் வழியாக வெளியே போட்டிருந்தாள். அந்த நாளைக்கு வரவே இல்லை. மழையில் நனைந்து, வெயிலில் வெளுத்து, மேல்வாயும் கீழ்வாயுமாக ஒரு ஆள் உயரத்துக்குக் குவிந்து, போகிற வருகிற ரயில்களைப் பார்த்து மொத்தமாக இளித்துக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில் ஒரு ரயிலும் வந்தது. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் எழுந்து நின்றே பார்த்துக்கொண்டு போனாள்.

அவள் லேபுக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். மரத்தைப் பிடுங்கினாள். ஒயர்ப் பெட்டியின் மேலேயே தன் வீட்டைக் கட்டினாள். பல் குடைகிற ஊசியும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு, அரிசிக் குருணை அளவில் பிறை பிறையாக வாய்களைச் செதுக்கிக் குவித்தாள். அவள் வாழ்க்கையில் கட்டிய பற்களிலேயே அவைதான் சின்னவை. எந்தக் கறையும் வேண்டாம் என்று யாரும் சொல்லாதவை. தெரு வந்து பார்த்துச் சிரித்தது. டிரில் மாஸ்டர், "உங்களதையும் அள்ளிடுவீங்கள்ல?" என்று கேட்டார். "சங்கத்துல எக்சிபிஷன் வருது, அது முடியட்டும் சார்" என்றாள். தெருவுக்கே அழுக்கென்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதையும் அள்ளிவிட்டுப் போட்டிக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

சங்கத்தின் கண்காட்சி ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. கட்டிலை விட்டுப் பிளைவுட்டை மட்டும் கழற்றி, வேனில் ஏற்றி, டைம்கீப்பர் வழி நெடுக மலையைப் பிடித்துக்கொண்டே வந்தார். தையல்காரியும் துணைக்கு வந்தாள். வலப்பக்கத்து மேஜையில் பனிமலை, இடப்பக்கத்து மேஜையில் நீல ஏரியில் அன்னங்கள்.

காலையில் இரண்டு சுற்று ஒழுங்காக ஓடிய எக்ஸ்பிரஸ், மூன்றாவது சுற்றில் தெருவின் முதுகுக்கு நேராக வந்து நின்றது. நின்றது நின்றதுதான். டைம்கீப்பர் பட்டனை அழுத்தினார், ஒயரை ஆட்டினார், இன்ஜினைத் தட்டினார். வியர்த்து ஊற்றியது. அட்டவணைப்படி எப்போதோ ஸ்டேஷனில் இருக்கவேண்டிய ரயில்.

"மோட்டார் போச்சு" என்றார் மெதுவாக. "மானம் போச்சு."

"விடுங்க, யாரும் ரயிலப் பாக்க மாட்டாங்க" என்றாள் அவள், ஆறுதலாக.

ஆனால் பார்த்தார்கள். அன்றைக்கென்று பார்த்தார்கள். ஒரு குடும்பம் வந்து நின்றது. "அப்பா, ரயில் ஏன் நிக்குது?" என்று குழந்தை கேட்டது. "சிக்னல் விழலடா. பாரு, நிஜ ரயில் மாதிரியே நட்ட நடுவுல நிப்பாட்டி வெச்சிருக்காரு!" என்றார் அப்பா. அடுத்து வந்தவர் டைம்கீப்பரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், எல்லாரும் வட்டம் வட்டமா ஓட்டறாங்க. நீங்கதான் சார் நம்ம வாழ்க்கைய காட்டியிருக்கீங்க. தினம் நான் இப்படித்தான் நிக்கறேன்." டைம்கீப்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் ஒரு அனுபவம்தான்" என்றார்.

மத்தியானம் நடுவர் வந்தார். நிஜ ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்தவர், கையில் பூதக்கண்ணாடி. மலையைப் பார்த்துத் தலையாட்டினார். தெரு வரிசையைப் பார்த்தார்.

"வீடெல்லாம் ரொம்ப சுத்தமா இருக்கே. பின்பக்கம் இவ்வளவு சுத்தமா எங்கேயும் இருக்காதும்மா."

"இருக்கு சார்" என்றாள்.

அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் வீட்டுக்கு நேராகக் குனிந்தவர் நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். "இது என்ன, பல்லா?"

"பல் அச்சு சார்."

"வேலை நுணுக்கம். ஆனா கற்பனை கொஞ்சம் எல்லை மீறிடுச்சு. எந்த வீட்டுப் பின்னாடிம்மா இப்படிப் பல்லு குவிஞ்சு கிடக்கும்? நிஜம் கெட்டுப் போகுது பாருங்க."

தையல்காரி, "சார், இவங்க வீட்டுலயே…" என்று ஆரம்பித்தாள். அவள் தையல்காரியின் காலை மிதித்தாள்.

முதல் பரிசு அன்னங்களுக்குப் போயிற்று. இரண்டாவது பனிக்கு. மூன்றாவதாக, ரயிலை இயக்குவதில் உண்மைத்தன்மை என்று ஒரு பிரிவில் டைம்கீப்பரைக் கூப்பிட்டார்கள். அவர் போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டு, வேன் வரும் வரை அதை மடியில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் போய் உண்மையச் சொல்லிடட்டுமா?" என்றார் கடைசியில்.

"என்னன்னு?"

"மோட்டார் எரிஞ்சு போச்சுன்னு."

"வேண்டாம். அவங்க நம்ப மாட்டாங்க."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். மலையைப் பிடித்துக்கொள்ள மறந்ததில், வீடு வந்தபோது உச்சி கொஞ்சம் உடைந்திருந்தது. உடைந்ததுதான் நன்றாக இருக்கிறது என்று அவள் அப்படியே விட்டுவிட்டாள். அந்த வாரமே கொல்லையில் இருந்த அச்சுகளை வண்டி பிடித்து அள்ளிப் போட்டாள். டிரில் மாஸ்டர் நின்று மேற்பார்வை பார்த்தார்.

இரண்டு மாதம் கழித்து, உண்மைத்தன்மை பற்றிப் பேச வேண்டுமென்று சங்கத்தில் டைம்கீப்பரை அழைத்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் போய், ரயில் எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். ரயிலை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், நிற்க வைப்பதுதான் கலை என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. கடைசி வரிசையில் அவளும் தட்டினாள். பக்கத்து நாற்காலிக்காரர் மரியாதைக்காகத் திரும்பிக் கேட்டார்.

"நீங்களும் சாருக்கு இதுல ஏதாவது ஒத்தாசை பண்ணுவீங்களா?"

"கொஞ்சம் அழுக்குப் பண்ணித் தருவேன்" என்றாள்.

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு வாய் விட்டுச் சிரித்தார். வரிசையாக, வெள்ளை வெளேரென்று, ஒரு குறையும் இல்லாத பற்கள். எந்த லேபில் கட்டியது என்று கேட்கலாமா என்று அவள் யோசித்தாள். அதற்குள் டீ கொண்டுவந்துவிட்டார்கள்.